மரியாதை: சொல்லும் சமூக வரலாறும்

மரியாதை என்பது ஒருவருக்குப் பிறர் தரும் மதிப்பையும் அம்மதிப்பை வெளிப்படுத்தும் முறையையும் குறிக்கும் சொல் ஆகும். மானம், கௌரவம், மாண்பு ஆகியவை இதற்கு நெருங்கிய சொற்கள். எனினும் இவை எல்லா இடங்களிலும் ஒன்றுக்கொன்று ஈடாகா. மரியாதையைக் கொடுக்கலாம், வாங்கலாம், குறைக்கலாம். மானத்தைக் காக்கலாம், இழக்கலாம். யாரும் யாருக்கும் கொடுக்க இயலாது. யாருக்கு மரியாதை உரியது என்ற கேள்வி தமிழகச் சமூக வரலாற்றில் பல போராட்டங்களுக்குக் காரணமாக இருந்துள்ளது.

சொற்பொருள்

மரியாதை என்பது 'மர்யாதா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அதற்கு எல்லை, வரம்பு என்று பொருள். "மரியாதையாகப் போய்விடு" என்று எச்சரிக்கும்போது அந்தப் பழைய பொருளின் சாயல் இன்றும் தெரிகிறது. கௌரவம் என்பதும் வடசொல்லே. கனமான என்று பொருள்படும் 'குரு' என்பதிலிருந்து பிறந்தது. நீதிபதிகளையும் அமைச்சர்களையும் முன்பு 'கனம்' என்ற அடைமொழியோடு குறிப்பிட்டனர். பின்னர் 'மாண்புமிகு' அதன் இடத்தைப் பிடித்தது. பதவிப் பெயருக்கு முன் வரும் 'கௌரவ' என்ற அடைக்கு வேறொரு பயனும் உண்டு. அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் நிரந்தரப் பணியோ முறையான ஊதிய விகிதமோ இல்லாதவர்கள்.

சங்க காலத்தில் மானம்

வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்த படைக்கலம் முதுகையும் புண்ணாக்கியது. புறப்புண் புறமுதுகிட்டவனின் அடையாளமாகக் கருதப்பட்டதால், அவன் நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான். புறநானூறு இதைப் பதிவு செய்கிறது. திருக்குறளின் 97ஆம் அதிகாரம் 'மானம்' என்னும் பெயருடையது. இங்கெல்லாம் மானத்தின் விலையைக் கொடுப்பவர் அதை உடையவரே.

கோயில் மரியாதை

கோயில்களில் மரியாதை என்பது கண்ணால் காணத்தக்க பொருள். தலையில் கட்டும் பரிவட்டம், மாலை, தீர்த்தம், திருநீறு, வைணவக் கோயில்களில் சடாரி ஆகியவை ஒரு வரிசைப்படி வழங்கப்படும். முதலில் பெறுவது முதல் மரியாதை. கொடையாளர், ஊர்த் தலைவர், மடாதிபதி ஆகியோரின் இடத்தை அந்த வரிசை ஊரறியக் காட்டும். எனவே வரிசை மாறினால் வழக்கு எழுந்தது. கோயில் பதவி ஒன்றோடு சேராத வெறும் மரியாதைக்காக உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது என்பது நீதிமன்றங்கள் வகுத்த விதி. ஆகவே வழக்காடியவர்கள் தம் மரியாதை ஒரு பதவியைச் சார்ந்தது என்று நிறுவ முயன்றனர்.

வரிசையில் இடமே இல்லாதவர்களின் நிலை வேறு. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் நான்கு நாட்டாருக்குத் தேர் வடம் பிடிக்கும் மரியாதை இருந்தது. பட்டியல் சாதியினர் அவ்வுரிமையைக் கோரியதால் 1990களின் இறுதியில் மோதல் எழுந்து வழக்கானது. பல ஆண்டுகள் ஓடாதிருந்த தேர் 2024 ஜூன் மாதம் மீண்டும் ஓடியது.

சுயமரியாதை

ஈ. வெ. ராமசாமி 1925இல் 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். அதன்வழி வளர்ந்த சுயமரியாதை இயக்கம், பிறர் தருவதாக இருந்த மரியாதையோடு 'சுய' என்பதைச் சேர்த்தது. பிறப்பால் வரும் வரிசையை ஏற்காமல், மனிதராக இருப்பதே மரியாதைக்குப் போதும் என்பது அதன் வாதம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு, பெயருக்குப் பின் வரும் சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு கோரியது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் பரவின. அவை சட்டப்படி செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. சி. என். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, 1967இல் நிறைவேறிய திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின.

கொலைக்கு இடப்பட்ட பெயர்

சாதி மறுத்து மணப்போரை உறவினரே கொல்லும் குற்றம் நெடுங்காலம் 'கௌரவக் கொலை' எனப்பட்டது. இக்கொலைகளில் கௌரவம் ஏதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் லதா சிங் வழக்கில் கூறியது. 2018இல் சக்தி வாகினி வழக்கில், இணையர்களைக் காக்க மாநிலங்கள் எடுக்க வேண்டிய நடவடிக்கைகளை வகுத்தது. தமிழில் இன்று 'ஆணவக் கொலை' என்ற சொல் பெருவழக்காகிவிட்டது. ஆணவம் சைவ சித்தாந்தம் கூறும் மும்மலங்களுள் ஒன்று. உயிரை மறைக்கும் அழுக்கு. பழைய பெயர் கொன்றவர் கூறிய காரணத்தை ஏற்றுக்கொண்டது. புதிய பெயர் குற்றத்தை அவர் மீதே வைக்கிறது. சங்க கால மானம் தன்னுயிரைக் கேட்டது. இங்கே பலியாவது பிறர் உயிர். அதற்கு மானம் என்றோ மரியாதை என்றோ பெயரிடத் தமிழ் வழக்கு மறுத்திருக்கிறது.