ஸ்டவ் பின்னும் கார்புரேட்டரும்



பழைய பைக் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சமீபத்தில் என்னிடம் ஒரே மாதிரி கேட்டார்கள். "சார், அப்பாவோட வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஐடில்ல நிக்க மாட்டேங்குது. கார்புரேட்டரையே மாத்தணும்னு கடையில சொல்றாங்க. பேசாம எடைக்குப் போட்டுடலாமா?"

எடைக்குப் போடுவது ஒரு நாள் வேலை. திரும்ப வாங்க முடியாது. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் இயற்பியல் வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். வரலாறு எழுதுவது ஓய்வு பெற்ற பிறகு வந்த பழக்கம். இன்று இரண்டும் சேர்ந்து வருகிறது.

முதலில் கார்புரேட்டர் என்ன செய்கிறது? கொசு மருந்து அடிக்கும் பழைய பம்ப் ஞாபகம் இருக்கிறதா? கைப்பிடியைத் தள்ளினால் காற்று வேகமாக ஒரு குழாயின் வாயைக் கடந்து போகும். அங்கே அழுத்தம் குறையும். கீழே டப்பாவில் இருக்கும் மருந்து மேலே ஏறிப் புகையாகச் சிதறும். 1738 இல் பெர்னூலி எழுதிவைத்த தத்துவம்தான் இது. கார்புரேட்டரிலும் அதே கதை. என்ஜின் காற்றை உறிஞ்சுகிறது, காற்று குறுகிய கழுத்து வழியாக ஓடுகிறது, கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஒரு சிறு துவாரம் வழியே மேலே வருகிறது. அந்தத் துவாரம் உள்ள பித்தளைத் திருகுக்குத்தான் ஜெட் என்று பெயர்.

ஆரம்ப கால வண்டிகளில் இந்த ஜெட் கிடையாது. 1885 இல் டெய்ம்லரும் மேபாக்கும் ஜெர்மனியில் செய்த இருசக்கர வண்டியில், பெட்ரோலின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு போகும் காற்று ஆவியை அள்ளிச் செல்லும், அவ்வளவுதான். ஆனால் அடைப்பு என்ற தொல்லை அப்போதே தொடங்கிவிட்டது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியைத் தன் இரு மகன்களோடு ஓட்டிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ப்ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த நீள ஊசியை உருவிக் குத்தி அடைப்பை எடுத்துவிட்டு மேலே போனார். மோட்டார் வாகன வரலாற்றில் நமக்குத் தெரிந்த முதல் மலிவு விலைக் கருவி ஒரு பெண்ணின் தொப்பி ஊசிதான்.

1893 இல் மேபாக் தெளிப்பு முறைக் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். வண்டி சீராக ஓடத் தொடங்கியது. கூடவே, ஒரு மணல் துகள் வண்டியை நிறுத்திவிடும் காலமும் தொடங்கியது.

இங்கே ஒரு பக்கக் கதை. 1892 வாக்கில் சுவீடனில் பிரைமஸ் ஸ்டவ் வந்தது. நம் வீடுகளில் பர்ர்ர் என்று சத்தம் போட்டு எரிந்த பம்ப் ஸ்டவ்வின் மூதாதை அதுதான். அதிலும் மண்ணெண்ணெய் ஆவி ஒரு நுண் துவாரம் வழியே பீறிட வேண்டும். அடிக்கடி அடைக்கும். அதற்காகவே தகரப் பட்டையின் நுனியில் மெல்லிய கம்பி வைத்த "ஸ்டவ் பின்" பெட்டிக்கடைகளில் சில்லறைக் காசுக்குத் தொங்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அடுப்புக்காக வாங்கிய அந்தப் பின்தான் பல மெக்கானிக் கடைகளில் சட்டைப் பையில் இருந்தது. அடுப்பின் நிப்பிளுக்கும் பைக்கின் ஜெட்டுக்கும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே என்று நம் ஆட்கள் கண்டுகொண்டார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 1955 இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவாக ஆரம்பித்தது. அந்தக் கால புல்லட்டில் இருந்தது அமல் கார்புரேட்டர். சட்டம் அமலுக்கு வருகிறது என்கிறோமே, அந்த அமல் இல்லை. பர்மிங்ஹாமில் மூன்று கார்புரேட்டர் நிறுவனங்கள் 1927 இல் ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்தது என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள் அவை. 1960களில் மைசூரிலிருந்து ஜாவா வந்தது. அதில் செக் நாட்டு ஜிகோவ் வகைக் கார்புரேட்டர். ராஜ்தூத்தும் அதே காலத்து வண்டிதான்.

ஜாவாவும் ராஜ்தூத்தும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். வண்டியை இரண்டு மாதம் நிறுத்தினால் பெட்ரோல் ஆவியாகிவிடும், எண்ணெய் மட்டும் கிண்ணத்தில் தங்கிப் பழுப்புப் பிசினாக இறுகும். அதைக் கரைக்க மெக்கானிக்கிடம் என்ன இருந்தது? ரேஷன் மண்ணெண்ணெய், ஒரு அலுமினியத் தட்டு, தேய்ந்த பல் துலக்கும் பிரஷ், சைக்கிள் பம்ப். ஊற வை, தேய், ஊது. மொத்த முதலீடு ஒரு சினிமா டிக்கெட் அளவு இருந்திருக்கும். அதை வைத்து ஒரு குடும்பம் பிழைத்தது. பால்காரரும் தபால்காரரும் மறுநாள் காலை வேலைக்குப் போனார்கள்.

1984 இல் ஓசூரிலிருந்து இந்த் சுசுகி. 1985 இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. இந்த ஜப்பானிய வரவோடு கருவிகளின் கதையும் மாறியது. மாறியதற்குக் காரணம் கணக்கு. சொல்கிறேன், நோட்டை எடுங்கள்!

அமல் ஜெட்டில் உள்ள எண், நிமிடத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் பாயும் என்பதைக் குறிக்கும். ஹோண்டா வகை கெய்ஹின் ஜெட்டில் உள்ள எண், துவாரத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். 35 என்றால் 0.35 மில்லிமீட்டர். இப்போது அதற்குள் இரும்பு ஊசியை விட்டுக் குடைகிறோம். பித்தளை மிருதுவானது. துவாரம் 0.40 ஆகிவிட்டது என்று வையுங்கள். 0.05 தானே என்று தோன்றும். ஆனால் பாய்வது பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.35 இன் வர்க்கம் 0.1225. 0.40 இன் வர்க்கம் 0.16. முப்பது சதவீதம் கூடுதல்! வண்டி கறுப்புப் புகை விடும், பிளக் கரியாகும், மைலேஜ் விழும். அப்போதுதான் "கார்புரேட்டர் போச்சு" என்ற தீர்ப்பு வருகிறது. பல வண்டிகளில் அழுக்கு செய்த கேட்டைவிடத் துடைத்த கை செய்த கேடு அதிகம்.

அதனால் விவரமான மெக்கானிக்குகள் ஸ்டவ் பின்னைப் பெரிய ஜெட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஐடிலுக்கான சிறிய ஜெட்டுக்கு மின் ஒயரிலிருந்து ஒரு இழையை உருவினார்கள். எலக்ட்ரிக் கடையில் "23/76 ஒயர்" என்று கேட்போமே, அதில் 23 செம்பு இழைகள், ஒவ்வொன்றும் 0.0076 அங்குலம். நம் கணக்கில் 0.19 மில்லிமீட்டர். 0.35 துவாரத்தில் தாராளமாக நுழையும். செம்பு பித்தளையைவிட மிருது, கீறாது. எந்த நிறுவனத்தின் கையேட்டையும் பார்த்து அவர்கள் இதைச் செய்யவில்லை. கையும் கண்ணும் சொல்லிக்கொடுத்த பாடம்.

இன்னொன்று. ஜப்பானிய வண்டிகளின் கார்புரேட்டர் திருகுகளில் உள்ள சிலுவைப் பள்ளம், நாம் சாதாரணமாக வாங்கும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. வழுக்கித் தலையை மொட்டையாக்கும். ஜப்பானிய அளவில் வரும் டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதலாகச் செலவழிக்கத் தகுந்த ஒரே கருவி இதுதான் என்பேன்.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. புதிய பைக்குகளில் கார்புரேட்டர் விடைபெற்று, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் ஊசி முறை வந்துவிட்டது. காற்றுக்கு நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நோய் சொல்லும் மெக்கானிக்குகளுக்கு வாரிசு இல்லாமல் போகிறது. அதே சமயம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நிறுத்திவைத்த பழைய வண்டியின் கிண்ணத்தில் வெள்ளைப் பொடியாக அரிப்பு பூக்கும். நோய் கூடுகிறது, வைத்தியர் குறைகிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்களே செய்ய நினைத்தால் தேவையானவை: சரியான ஸ்க்ரூ டிரைவர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று, பழைய பிரஷ், ஒரு முழம் ஒயர், சைக்கிள் பம்ப். கழற்றும்போது ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். காற்றுத் திருகை முதலில் முழுதாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகு கழற்றுங்கள். ரப்பர் வாஷர்களிலும் மிதவையிலும் ஸ்ப்ரே படக் கூடாது. பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஊத நினைத்தால் மிதவையைக் கழற்றிய பிறகே ஊதுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குள்ளோ, விளக்கேற்றிய இடத்திலோ பெட்ரோலைத் திறக்கவே கூடாது. திருத்தியபின், வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து காலி செய்துவிடுங்கள். பாதிப் பேருக்கு அப்படி ஒரு திருகு இருப்பதே தெரியாது.

நம் மாணவர்களில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் குரு எதைக் கொண்டு ஜெட்டைத் துடைத்தார்? தென்னை ஈர்க்கா, நைலான் நரம்பா, வேறு ஏதாவதா? கீழே எழுதுங்கள் தம்பி. நான் தொகுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்