மாணாக்கன் மேசையில் ஒரு சித்திரக்கூடம்

திருவனந்தபுரத்தில் கரமனைப் பகுதியில் வாழும் நம் தமக்கையார் இல்லத்தில் சென்ற ஆண்டு ஒரு வழக்கு எழுந்தது. அனிமேஷன் பயிலும் மகன், தன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போதவில்லை என்றும், அதனைப் புதுக்கப் பணம் வேண்டும் என்றும் கேட்டான். சாலைக் கடைத்தெருவில் சிறு கடை நடத்தும் தந்தையோ, நான்காண்டுகளுக்கு முன் வாங்கிய யந்திரம் இன்றும் நன்றாக ஓடுகின்றதே என்றார். இருவர் கூற்றும் மெய்யே. வழக்கைத் தீர்க்க நம்மை அழைத்தனர்; தீர்ப்புக் கூறுமுன் நாம் சிறிது வரலாறு கற்க வேண்டியதாயிற்று. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களிலும் இத்தகைய வழக்கு எழக்கூடுமாதலின், கற்றதை ஈண்டுக் கூறுகின்றோம்.

அசையும் சித்திரம் என்பது விநாடிக்கு 24 தனிப்படங்கள் ஓடுவதால் கண்ணுக்குத் தோன்றும் மயக்கம். ஒன்றரை நிமிடப் படத்துக்கு 2,160 தனிப்படங்கள் வேண்டும். முன்னாளில் இவற்றைக் கையால் வரைந்தனர். மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட ஆலமரத்து மானின் கதை அவ்வாறு பிறந்ததே. டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பார் பம்பாய்க்கு வந்து நம் ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கம்ப்யூட்டர் வந்தபின் முறை மாறிற்று. ஓவியன் உருவத்தைச் சமைத்து, விளக்கை வைத்து, காமிராவை நிறுத்தி விடுகின்றான். ஒளி எப்பொருளில் பட்டு எங்கே தெறிக்கும், எப்புள்ளி எந்நிறம் பெறும் என்று கணக்கிட வேண்டியது யந்திரத்தின் பொறுப்பு. இக்கணக்கையே ரெண்டரிங் என்பர். இன்று வழக்கிலுள்ள ஒரு தனிப்படத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டர்னர் விட்டெட், ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து கணக்கிடும் முறையை 1980இல் விளக்கினார். கண்ணாடிக் கோளங்கள் சதுரங்கத் தரையின்மேல் மிதப்பதாகக் காட்டிய ஒரே ஒரு படத்துக்கு, அந்நாளைய பெரிய கம்ப்யூட்டர் 74 நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. 1986இல் ஜேம்ஸ் கஜியா என்பார் அம்முறையை விரித்து, ஒளியின் முழுப் போக்குவரத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். 1995ஆம் ஆண்டு வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’ படத்துக்கு 117 கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக உழைத்தன; அவற்றின் உழைப்பைக் கூட்டினால் எட்டு லட்சம் மணி நேரம் ஆகும். யந்திரம் விரைவடைந்தும் காத்திருக்கும் நேரம் குறைவதில்லை, ஏனெனில் கலைஞனின் ஆசையும் உடன் வளர்கின்றது என்று ஜிம் பிளின் என்னும் விஞ்ஞானி கண்டு சொன்னார். கரமனை வழக்கில் தந்தையார்க்கு இவ்வுண்மையை நாம் உரைக்கவில்லை. உரைத்திருப்பின் பணமே வந்திராது.

இத்தொழில் திருவனந்தபுரத்தில் வேரூன்றியது தற்செயல் அன்று. கேரள அரசு 1988இல் சி-டிட் என்னும் படிமத் தொழில்நுட்ப மையத்தை நிறுவிற்று. 1990இல் கழக்கூட்டத்தின் அருகே, இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் தோன்றியது. 1999இல் அங்கே டூன்ஸ் நிறுவனம் தொடங்கி, ‘தெனாலி ராமனின் சாகசங்கள்’ என்னும் சித்திரத் தொடரைத் தயாரித்து, 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக நாடெங்கும் காட்டிற்று. தெலுங்கு நாட்டு விகடகவி, நம் பாட்டிமார் கதைகளில் வாழ்ந்தவன், மலையாள மண்ணில் அசையும் உருவம் பெற்றான். 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ தமிழ்ப்படத்துக்காக நடிகர்களின் உடலசைவைப் பதிவு செய்யும் பணியில் ஒரு பகுதியும் இந்நகரில் உள்ள ஸ்டூடியோவில் 2012இல் நிகழ்ந்தது.

ஆயினும் இவை யாவும் நிறுவனங்களின் கதை. மாணாக்கன் மேசைக்கு இக்கலையைக் கொணர்ந்தது வேறொரு நிகழ்ச்சி. ஹாலந்து நாட்டில் டான் ரோசண்டால் என்பார் உருவாக்கிய ‘பிளெண்டர்’ என்னும் மென்பொருளை விற்ற நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. முதலீட்டாளர் அதன் உரிமையை விடுவிக்க ஒரு லட்சம் யூரோ கேட்டனர். பயன்படுத்துவோரிடம் திரட்டிய நன்கொடையால் ஏழே வாரங்களில் அத்தொகை சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் முதல் அம்மென்பொருள் உலகுக்குப் பொதுவாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஜூலையில், ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்திருந்தார். கேரளப் பள்ளிகளும் பின்னர் அவ்வழியையே மேற்கொண்டன. 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் உயர்நிலைப் பள்ளிச் சிறுவரும் சிறுமியரும் அனிமேஷன் பயில்கின்றனர். மென்பொருளுக்குக் காசு வேண்டா என்றான பின் எஞ்சிய செலவு யந்திரத்துக்கே.

யந்திரத்தின் உறுப்புகளுக்கும் வரலாறு உண்டு. கிராபிக்ஸ் கார்டு வீடியோ விளையாட்டுக்காகப் பிறந்தது. மூளையாகிய பிராசஸரில் சில கோர்களே உண்டு. ஒவ்வொன்றும் பலகலை வல்லது. கிராபிக்ஸ் கார்டிலோ ஆயிரக்கணக்கான எளிய கோர்கள் ஒரே வகைக் கணக்கை ஒருங்கே செய்கின்றன. புள்ளிதோறும் ஒரே கணக்கு என்பதே ரெண்டரிங் ஆதலின், அது இதற்கு இயல்பாகவே பொருந்திற்று. 2007இல் இக்கார்டுகளில் பொதுக் கணக்குகளையும் நடத்தும் வழி திறந்தது. 2011 டிசம்பரில் பிளெண்டர் அவ்வழியில் இயங்கவல்ல ‘சைக்கிள்ஸ்’ என்னும் ரெண்டரிங் முறையைப் பெற்றது. 2018இல் ஒளிக்கதிர்க் கணக்குக்கென்றே தனிச்சுற்றுகள் கொண்ட கார்டுகள் கடைக்கு வந்தன.

இதனை அரைகுறையாகக் கேள்வியுற்ற நாம், கடைக்காரர் சொற்படி பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை முதலில் வாங்கச் செய்தோம். பிழை நம்முடையதே. பொருத்திய அன்றிரவே, ரெண்டரிங் தொடங்கிய சில நிமிடங்களில் யந்திரம் தானாக அணைந்தது. பழைய பவர் சப்ளைக்குப் புதிய கார்டின் பசியைத் தாங்கும் ஆற்றல் இல்லை. அதனை மாற்றிய பின்னும் வேலை தடுமாறிற்று. எட்டு ஜி.பி. ராமில் கொள்ளாத காட்சி, சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில் போய் ஒதுங்கிற்று. அங்கிருந்து மீள்வதற்குள் மருமகன் ஒரு காப்பி குடித்து முடிப்பான். ராமை 32 ஜி.பி. ஆக்கி, எஸ்.எஸ்.டி. ஒன்றும் சேர்த்த பின்னரே யந்திரத்துக்கு உயிர் வந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கும் அதற்கே உரிய நினைவகம் உண்டு. காட்சி அதற்குள் அடங்காவிடில் கார்டின் வேகம் வீணே. ஆகவே கார்டு வாங்குவோர் வேகத்தை மட்டும் பாராது, அதன் நினைவக அளவையும் கேட்டறிதல் வேண்டும். பாத்திரத்தின் கைகால்களை அசைத்துப் பார்க்கும் பணி மட்டும் பெரும்பாலும் பிராசஸரின் ஒற்றைக் கோரின் விரைவையே நம்பியிருக்கின்றது. லேப்டாப் ஆயின், ராமும் எஸ்.எஸ்.டி.யும் தவிரப் பிறவற்றைப் பொதுவாக மாற்ற இயலாது. சிலவற்றில் ராமும் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும்.

இவை அனைத்துக்கும் முன்னரே செய்திருக்க வேண்டியது ஒன்றுண்டு; அதற்குக் காசே இல்லை. பழைய நிலையில் தனிப்படம் ஒன்றுக்கு 40 நிமிடம் ஆயிற்று. 2,160 படங்களுக்கு 60 நாள். யந்திரம் 200 வாட் மின்சாரம் உண்பதாகக் கொண்டால், 288 யூனிட். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒளிக்கதிர்களை மருமகன் அனுப்பிக்கொண்டிருந்தான். கதிர்களை நான்கு மடங்கு பெருக்கினால் படத்தின் புள்ளியழுக்குப் பாதியே குறையும் என்பது கணித விதி. 2019 முதல் பிளெண்டரில் உள்ள அழுக்கு நீக்கும் கருவியைப் பயன்படுத்திக் கதிர்களைக் காற்பங்காக்கினோம். 40 நிமிடம் பத்தாயிற்று. கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. கார்டு தன் பணியைச் செய்த பின் அது இரண்டு நிமிடமாயிற்று.

லாட்வியா நாட்டின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் ‘ஃப்ளோ’ என்னும் முழுநீளப் படத்தைப் பிளெண்டரில் உருவாக்கி, இறுதிப் படங்களைத் தம் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ரெண்டர் செய்தார். கதிர்களை முழுமையாகப் பின்தொடராத ‘ஈவீ’ என்னும் விரைவு முறையை அவர் கையாண்டதால், தனிப்படம் ஒன்று சில விநாடிகளில் முடிந்தது. அப்படம் 2025 மார்ச்சில் ஆஸ்கார் பரிசு பெற்றது. மருமகன் இச்செய்தியைத் தந்தையிடம் காட்டினான். அவர் பரிசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய கம்ப்யூட்டர் என்ன விலை என்றே கேட்டார்.

பகலில் வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் மிகுதியாதலின், இரவுக்கு எட்டு மணி நேரம் வீதம் யந்திரத்தை ஓட்டுவதென முடிவாயிற்று. இரவொன்றுக்கு 240 தனிப்படங்கள். ஆறாம் இரவு துலாமாத இடிமழையில் மின்சாரம் நின்றது, சிறிய யு.பி.எஸ். சில நிமிடங்களே தாங்கிற்று. ஒரே திரைப்படக் கோப்பாகச் சேமித்திருப்பின் ஐந்து இரவுகளின் உழைப்பும் கெட்டிருக்கும். ஒவ்வொரு படத்தையும் தனிக்கோப்பாக வைத்திருந்ததால், மறுநாள் 1,307ஆம் படத்திலிருந்து தொடர முடிந்தது. கடை திறக்கப் புறப்படும் தந்தையார், இருப்புச் சரக்கைக் கேட்பது போலவே, “எத்தனை முடிந்தது?” என்று காலைதோறும் கேட்டுக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் காலையில் அவர் கடையைச் சற்றுத் தாமதமாகத் திறந்தார்.