கல்லிலிருந்து வந்த உப்பு

சில மனிதர்களுடைய மனம் இரண்டு கரைகளுக்கு நடுவே ஊசலாடுகிறது. சில வாரங்களுக்குத் தூக்கம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம். உலகமே தம் உள்ளங்கையில் இருப்பது போன்ற உற்சாகம். விடிய விடியப் பேச்சு. கையிலுள்ள பணத்தையெல்லாம் வாரி இறைப்பார்கள். பிறகு ஒரு நாள் விளக்கு அணைந்தாற்போல் எல்லாம் இருண்டு போகும். படுக்கையை விட்டு எழுந்திருக்க மனம் வராது. உயிரை மாய்த்துக்கொண்டால் என்ன என்றுகூடத் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் நம்மைப் போலவே சாதாரணமாக இருப்பார்கள். இருதுருவ மனநோய், பைபோலார் என்று டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் கிரக தோஷம் என்றும், திமிர் என்றும் சொல்லியிருக்கிறோம்.

1940-களில் இந்த நோய்க்கு வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தூக்க மருந்து கொடுப்பார்கள். மின்சார அதிர்ச்சி கொடுப்பார்கள். மற்றபடி பூட்டி வைப்பார்கள். அந்த நிலைமை மாறிய கதை விசித்திரமானது.

ஜான் கேட் என்பவர் ஆஸ்திரேலிய டாக்டர். தகப்பனாரும் மனநோய் ஆஸ்பத்திரி டாக்டர் என்பதால், அந்த வளாகங்களிலேயே வளர்ந்தவர். 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டு, மூன்று வருஷத்துக்கு மேல் சாங்கியில் கைதியாக இருந்தார். சித்தம் கலங்கிய சக கைதிகளைப் பார்த்துப் பார்த்து, இந்தக் கலக்கத்துக்கு உடம்பிலேதான் காரணம் இருக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு ஊறிவிட்டது.

யுத்தம் முடிந்து மெல்போர்ன் அருகே பண்டூரா ஆஸ்பத்திரியில் வேலைக்கு அமர்ந்தார். உபயோகமில்லாமல் கிடந்த ஒரு சமையலறைதான் அவருடைய ஆராய்ச்சிசாலை. நோயாளிகளின் சிறுநீரைச் சீமைப் பெருச்சாளிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். வெறி மூண்டவர்களின் சிறுநீர் அதிக விஷமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதிலுள்ள யூரிக் அமிலத்தைச் சோதிக்க வேண்டும்; அதுவோ தண்ணீரில் எளிதில் கரையாது. லித்தியத்தோடு சேர்ந்தால் கரையும். 1817-இல் ஸ்வீடனில் ஒரு கல்லிலிருந்து கண்டெடுத்த உலோகம் லித்தியம். கிரேக்க மொழியில் கல்லுக்குள்ள பேரையே அதற்கு வைத்தார்கள். அமிலத்தைச் சுமக்கும் வண்டியாகத்தான் கேட் அதைப் பிடித்தார். ஆனால் ஊசி போட்டதும் துள்ளித் திரிந்த பிராணிகள் சாதுவாகிவிட்டன. மல்லாத்தினால் அப்படியே கிடந்து அவரை வெறித்துப் பார்த்தன. அது சாந்தமல்ல, மருந்து மிஞ்சிய மயக்கமாகவே இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். தப்பான பாதையில் நடந்து சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்தார் மனிதர்!

லித்திய உப்பை முதலில் தாமே விழுங்கிப் பார்த்துவிட்டு, 1948 மார்ச் 29-ந் தேதி ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். அவருக்கு வயது 51. ஐந்து வருஷமாக ஓயாத வெறி, வார்டிலேயே பெருந்தொந்தரவு. சில வாரங்களில் அவர் அடங்கினார். ஜூலையில் வீட்டுக்குப் போய்ப் பழைய வேலையிலும் சேர்ந்துவிட்டார். வெறி கண்ட பத்துப் பேரின் விவரத்தை 1949 செப்டம்பரில் கேட் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்.

நான் கதை எழுதுகிறவன். என் கையில் இந்தக் கதை கிடைத்திருந்தால், அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் இடத்தில் 'முற்றும்' போட்டிருப்பேன். சரித்திரம் அப்படி நிறுத்துவதில்லை.

உடம்பு தேறிவிட்டதே, மருந்து எதற்கு என்று அவர் நிறுத்திவிட்டார். சில வாரங்களில் நோய் திரும்பியது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி லித்தியம். 1950-இல் அந்த லித்தியமே உடம்பில் அளவு மீறி விஷமாகி அவர் இறந்துபோனார். அமெரிக்காவிலோ, இருதய நோயாளிகள் சாதாரண உப்புக்குப் பதிலாக லித்திய உப்பைச் சாப்பிட்டுச் சிலர் மாண்டதால், 1949-இல் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். குணம் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகல். மனம் நொந்த கேட், தம் ஆஸ்பத்திரியில் அந்த மருந்தையே விலக்கி வைத்தார்.

வழி காட்டியது ரத்தப் பரிசோதனை. மெல்போர்னிலேயே ட்ராட்னர் முதலியோர் ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறதென்று அளந்து, அதற்கேற்ப மருந்து கொடுத்து, 1951-இல் நூற்றுக்கு மேற்பட்டோரின் விவரத்தை வெளியிட்டார்கள். டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கௌ 1954 முதல் இந்த ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அது வெறும் ஆராய்ச்சியல்ல. கூடப் பிறந்த தம்பியே வருஷந்தோறும் மனச்சோர்வில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார். லித்தியம் அந்தச் சுழலிலிருந்து அவரை மீட்டது. 1968-இல் லண்டன் டாக்டர்கள் இருவர், நோய் வராமலே லித்தியம் தடுக்கும் என்பது கட்டுக்கதையோ என்று கேட்டார்கள். ஸ்கௌவும் நண்பர்களும் 1970-இல் பதில் சொன்னார்கள்: லித்தியத்தால் நன்றாயிருந்த 84 பெண்களில் 39 பேருக்கு வெறும் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததில், ஐந்து மாதத்துக்குள் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியத்தையே தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அதே வருஷம் அமெரிக்காவும் மருந்துக்கு அனுமதி தந்தது.

இன்று வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்களுக்கு வால்ப்ரோயேட்டைக் கூடியவரை தவிர்க்கிறார்கள், சிசுவுக்குக் கெடுதல். லித்தியத்தின் மவுசு போகவில்லை. தற்கொலையைத் தடுப்பதில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கவேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் கவனிக்கவேண்டும். வாந்தி பேதி கண்டாலோ, தண்ணீர் குறைந்தாலோ ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். கை நடுங்கும், தாகம் எடுக்கும், உடம்பு பருக்கும். பழைய உற்சாகம் போய்விட்டதே என்ற ஏக்கமும் சிலருக்கு உண்டு. அந்த முதல் நோயாளி போல மாத்திரையைத் தூக்கி எறிய இத்தனை காரணங்கள்!

ஆகவே மருந்தோடு மனிதர்களும் வேண்டும். இதில் நம் நாடு முன்னாலேயே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் ஆஸ்பத்திரிக்குள் கூடாரம் போட்டு, நோயாளியின் உறவினரையும் கூடவே தங்க வைத்தார். வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல நிலையமும் குடும்பத்தைக் கூட வைத்துக்கொண்டே வைத்தியம் பார்த்தது. நோய் இன்னதென்று வீட்டார் அங்கே கற்றுக்கொண்டார்கள். தூக்கம் குறைவதுதான் பலருக்கு முதல் எச்சரிக்கை. இரண்டு ராத்திரி விளக்கு எரிந்தால் அதைப் பார்க்கக் கூடியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தானே?

ஆனால் அதே வீட்டார், கல்யாணம் தட்டிப்போகுமே என்று மாத்திரையை மறைக்கச் சொல்வதையும் நான் பார்த்திருக்கிறேன். சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பெண் ஒளிந்து ஒளிந்து விழுங்குகிறாள். ஒரு நாள் விட்டுப்போகிறது. பிறகு பல நாள். சர்க்கரை வியாதிக்காரரிடம், "இன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டாயா? ரத்தம் பார்க்க எப்போது போகிறாய்?" என்று கூச்சமில்லாமல் கேட்கிறோம். அந்தக் கேள்வியை, அதே குரலில், இவர்களிடமும் கேட்டுப் பழகவேண்டும்.