ஏழு வருசக் கணக்கு

எங்க பக்கம் மாடு காணாமப் போனா பத்து ஊருக்குத் தகவல் போயிரும். புத்தி சுவாதீனம் இல்லாத மனுசன் காணாமப் போனா, "எங்கயாவது கோயில்ல இருப்பான், வந்துருவான்"னு விட்டுருவாங்க. எங்க ஊர்ல 2003ல அப்படிப் போனவர் இன்னும் வரல. வயசு நாப்பது. ஆனா யாராவது கேட்டா ஊர்ப் பேரைச் சரியாச் சொல்லத் தெரியாது.

இவங்களைச் சட்டம் பார்த்த விதத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. வெள்ளைக்காரன் 1912ல போட்ட பைத்தியக்காரர் சட்டம், தெருவுல திரியிறவங்களைப் பிடிச்சு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தச் சொன்னுச்சு. 1987ல புதுச் சட்டம் வந்துச்சு. ஆனாலும் 2001 ஆகஸ்ட் 6ந்தேதி ஏர்வாடிக் காப்பகத்துல தீப்பிடிச்சப்போ, சங்கிலியில கட்டிக் கிடந்தவங்க ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. வீட்டுல வச்சுப் பார்க்க வழியில்லாம குடும்பங்கள் கொண்டுபோய் விட்ட இடம் அது.

2017ல வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம்தான் கொஞ்சம் மாத்திப் பேசுச்சு. அப்படித் திரியிறவங்களை லாக்கப்புல வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், காணாமப் போனவர்னு வழக்குப் பதிஞ்சு குடும்பத்தைத் தேடணும்னு அதுல இருக்கு.

இன்னொரு பழைய சட்டமும் இருந்துச்சு. 1872 சாட்சியச் சட்டப்படி, ஏழு வருசமா சொந்தக்காரங்களுக்கு ஒரு தகவலும் இல்லைன்னா, ஆள் உயிரோட இருக்கார்னு சொல்றவங்கதான் அதை நிரூபிக்கணும். 2024ல அமலுக்கு வந்த புதுச் சட்டத்துக்கும் அதே ஏழுதான். கூட்டுப் பட்டாவுல பேர் இருக்கிறவர் காணாமப் போனா, பாகம் பிரிக்கக் கோர்ட்டுக்குத்தான் போகணும்.

இங்கயும் 2010ல பங்காளிங்க அந்தம்மாகிட்டப் போய்க் கேட்டாங்க. "நான் கைநாட்டு வச்சா நானே அவனைக் கொன்ன மாதிரி"ன்னுருச்சு. பட்டாவுல இன்னைக்கும் அவர் பேர் இருக்கு.

டவுன்ல இருக்கிற நீங்க பஸ் ஸ்டாண்டுல, ரயிலடியில இப்படி ஆளுங்களைப் பார்ப்பீங்க. காசு போட்டுட்டு நகர்ந்துறாதீங்க. பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுங்க. ஊர்ப் பேர் வராட்டியும் குலசாமி பேர், ஆத்துப் பேர், சந்தை கூடுற கிழமை வாயில வரும். அதைக் குறிச்சு போலீஸ்ல சொல்லுங்க. தேட வேண்டியது இப்ப அவங்க கடமை.