பூதம் பேரம் பேசாது

தம்பி மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சென்னைப் புளியந்தோப்பில், டிமெல்லோஸ் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் வீடு. கோடை விடுமுறையில் நோட்டு ஒன்றை எடுத்து மாயக்கதை எழுதத் தொடங்கியிருந்தாள். மழைநீர் வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டுகிறார்கள். ஊருக்குப் பெயர் தந்த பழைய தோப்பின் கடைசிப் புளியமரம் ஒன்றின் வேர் அறுபடுகிறது. குழியிலிருந்து பூதம் எழுந்து நிற்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய பழமொழியை வடிகாலுக்கு மாற்றியிருந்தாள். அதற்கு அடுத்த பக்கம் காலி.

"பெரியப்பா, இந்தப் பூதத்தால எதெல்லாம் முடியும், எது முடியாது? எல்லாமே முடியும்னா கதை இந்தப் பக்கத்துலயே முடிஞ்சிடுதே" என்றாள்.

மாய உலகம் ஒன்றைக் கட்ட நினைக்கும் எவரும் வந்து நிற்கிற இடம் அது. மந்திரத்தின் ஆற்றலைவிட அதன் எல்லையே கதையை நடத்துகிறது என்பதை அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் ஒரு விதியாகவே வகுத்து வைத்திருக்கிறார். அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய நாவலின் எர்த்சீ தீவுகளில், ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆணை செல்லும். நானும் பெயரிலிருந்தே தொடங்கலாம் என்றேன். பூதம் என்று ஏன் சொல்கிறோம்?

பூதம் வடசொல். அதன் வினையடிக்கு ஆதல், உண்டாதல் என்று பொருள். ஆகவே பூதம் என்றால் 'ஆனது', 'உள்ளது'. அச்சத்துக்கு இந்தப் பொருளில் இடமே இல்லை. நிலம், நீர், தீ, காற்று, வான் என்னும் ஐந்தும் பூதங்கள் எனப்பட்டது இதனால்தான். உலகம் அந்த ஐந்தின் கலவை என்று தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டும் அவற்றை வரிசைப்படுத்திப் பூதம் என்றே அழைக்கிறது.

'ஆனது' என்பது 'ஆகி முடிந்தது' என்றும் நீண்டது. வடமொழியில் இறந்தகாலத்துக்குப் பூதகாலம் என்று பெயர். ஆகி முடிந்தவர், அதாவது செத்தவர், இந்தியில் 'பூத்' ஆனார். தமிழில் அந்த இடத்தில் 'பேய்' என்ற சொல் ஏற்கெனவே உறுதியாக உட்கார்ந்திருந்தது. அதனால்தான் தமிழுக்கு வந்த பூதம் வேறு வேலைக்குப் போனது என்று நினைக்கிறேன். பேய் பிடிக்கும், ஆட்டும், ஓட்டினால் ஓடும். பூதம் யார் உடம்பிலும் ஏறுவதில்லை. அது ஓரிடத்தில் நிற்கும்.

அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கும் வைத்தார்கள். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் ஓர் அரசன். இனியவை நாற்பது பாடியவர் பூதஞ்சேந்தனார். கடல்மல்லையில் தோன்றிய ஆழ்வார் பூதத்தாழ்வார். பயமுறுத்தும் சொல்லாக மட்டும் இருந்திருந்தால் எந்தத் தாய் அதைத் தொட்டிலருகே சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்?

இனி வருவதுதான் அவள் கேள்விக்கு நேரான விடை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்தின் ஐந்து மன்றங்கள் வருகின்றன. வெள்ளிடை மன்றத்தில் பண்டப்பொதிகள் காவலின்றிக் கிடக்கும்; திருடப் புகுந்தவன் தலையில் சுமையோடு சுற்றிச் சுற்றி வருவானே தவிர, கொண்டு போக முடியாது. துறைமுகத்தை ஒட்டி வாழும் ராயபுரத்துக்காரர்களுக்குப் புரியும், துறைமுக ஊருக்கு எவ்வளவு தேவையான மந்திரம் அது. இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் முழுகி வலம் வந்தால் உடற்குறை தீரும். நெடுங்கல் மன்றத்தில் நிற்கும் கல்லைத் தொழுதால் பித்தும் நஞ்சும் நீங்கும். பாவை மன்றத்துச் சிலை வாய் திறவாது. அரசன் முறை தவறினால் கண்ணீர் மட்டும் விடும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை, ஒரே இடம். கல் திருடனைப் பிடிக்காது, பொய்கை நீதி சொல்லாது. நகர அமைப்போடு மாயத்தையும் சேர்த்துத் திட்டமிட்டவர் இளங்கோவடிகள்.

எஞ்சியிருப்பதுதான் பூதச் சதுக்கம். சதுக்கம் என்றால் நாலு தெரு கூடும் இடம். செஞ்சதுக்கம் என்று நாளிதழ்கள் இன்றும் எழுதும் அதே சொல். அங்கே நிற்கும் பூதத்தின் கையில் கயிறு. யாரைக் கட்டும் என்பதற்குப் பட்டியல் உண்டு: போலித் துறவி, மறைவில் ஒழுக்கம் தவறும் பெண், துரோகம் செய்யும் அமைச்சன், பிறன் மனைவியை விரும்புபவன், பொய்ச்சாட்சி சொல்பவன், புறங்கூறுபவன். ஆறே வகை. தண்டனையை நான்கு காதம் கேட்கும் குரலில் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் அது கயிற்றை எடுக்கும். பட்டியலில் இல்லாதவர் எத்தனை நள்ளிரவிலும் அந்த முனையைக் கடந்து போகலாம்.

மணிமேகலை இன்னொரு விதியைச் சேர்க்கிறது. மருதி என்னும் பார்ப்பனப் பெண்ணை இளவரசன் ஒருவன் வற்புறுத்துகிறான். அவள் பூதத்திடம் போய் அழுகிறாள். பூதம் உடனே பாயவில்லை. தண்டிக்கும் முறை முதலில் அரசனுடையது, அவனுக்கு ஏழு நாள் தவணை, அவன் தவறினால்தான் தன் முறை என்கிறது. அதிகார எல்லையைத் தானே சொல்லும் பூதம்! இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மணிமேகலையைப் பாடிய சாத்தனாரை வணங்கத் தோன்றுகிறது.

ஆனால் அந்தப் பூதத்தை முழுதாகக் காட்டுவது சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதைதான். பத்தினி ஒருத்தியைப் பற்றி அவள் கணவனிடம் பொய்ச்சாட்சி சொன்னவன் கயிற்றில் மாட்டிக்கொள்கிறான். அவன் தாய் கதறுகிறாள். கோவலன் அந்தக் கயிற்றுக்குள் தானே புகுந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விடு என்கிறான். பூதம் மறுக்கிறது. கெட்டவன் உயிருக்கு ஈடாக நல்லுயிரை வாங்கும் வழக்கம் இங்கில்லை என்று சொல்லி, கோவலன் கண்முன்னே அந்தப் பொய்யனைக் கொன்று தின்கிறது. கோவலன் அந்தத் தாயையும் சுற்றத்தையும் கூட்டிவந்து பல்லாண்டு காப்பாற்றுகிறான்.

இதைச் சொல்லி முடித்தபோது தம்பி மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பூதம் பேரம் பேசாது" என்றாள். நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். பூதம் வளைந்து கொடுத்திருந்தால் கோவலன் தியாகி ஆகியிருப்பான், கதை அங்கே நின்றிருக்கும். அது வளையாததால்தான், மந்திரத்தால் தீராத ஒரு கடமையை மனிதனாக அவன் ஏற்க வேண்டி வந்தது.

சதுக்கப் பூதத்தின் புகழ் அந்தக் காலத்திலேயே ஊர்விட்டு ஊர் போனது. இளஞ்சேரல் இரும்பொறை அத்தகைய பூதங்களைக் கொண்டுவந்து தன் ஊரில் நிறுவினான் என்கிறது பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பதிகம். பிற்காலத்தில் பூதத்துக்குப் புதையல் காக்கும் வேலை மிஞ்சியது. அதன் உருவப் பெருமையிலிருந்து பூதாகாரமும் பூதக்கண்ணாடியும் கிடைத்தன.

பிறகு அரபுக் கதைகள் வந்தன. அவற்றில் வரும் ஜின்னுக்குத் தமிழில் பூதம் என்று பெயரிட்டோம். 1957இல் 'அலாவுதீனும் அற்புத விளக்கும்', 1967இல் 'பட்டணத்தில் பூதம்' என்று படங்களும் வந்தன. இரண்டாவதில் ஜாவர் சீதாராமன் நடித்த ஜீபூம்பா என்னும் பூதத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் சொல்லளவில் நடந்தது பெரிய இடமாற்றம். ஜின் என்பதன் அரபு வேருக்கு மறைதல், மறைத்தல் என்று பொருள். கருவிலிருக்கும் சிசுவைக் குறிக்கும் அரபுச் சொல்லும் அதே வேரில் பிறந்தது. கண்ணுக்கு மறைந்திருப்பதன் பெயரை, 'உள்ளது' என்று பொருள்படும் பெயரால் மொழிபெயர்த்தோம். நாற்சந்தியில் எல்லோர் கண்ணிலும் பட நின்ற பூதம் குப்பிக்குள் போனது. ஊருக்குக் காவலாக இருந்தது, குப்பியைத் திறந்தவனுக்கு அடிமையானது.

பக்கத்து வீட்டு நன்னிம்மா காதிலும் இந்தப் பேச்சு விழுந்தது. "ஜின்னு வேற, பூதம் வேறம்மா. ஜின்னுல தொழுவுறதும் உண்டு, கெட்டதும் உண்டு, நம்மள மாதிரி" என்றார். அவர் சொன்னது சரி. ஜின்னுக்கும் ஒரு நெறியுண்டு, அதற்கென்று ஓர் உலகமுண்டு. இரண்டையும் ஒரே பெயருக்குள் அடைத்ததில் இரண்டுமே தம் விதிகளை இழந்தன என்பதே என் முடிவு.

தம்பி மகள் மறுநாள் எழுதிய பக்கத்தில், அவளுடைய பூதம் நாலு தெரு கூடும் முனையைவிட்டு நகர்வதில்லை. பொய்ச்சாட்சியை மட்டுமே பிடிக்கும். யார் வரம் கேட்டாலும் தராது. சந்தில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து திருடன் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களில் கதைசொல்லும் சிறுமியின் அப்பாவும் ஒருவர்.

உங்கள் வீட்டிலும் பூதக்கதை எழுத உட்காரும் பிள்ளை இருக்கலாம். சிலப்பதிகாரத்தின் அந்த இரண்டு காதைகளையும் எளிய உரையோடு வாங்கிக் கொடுங்கள்.