கி.பி. 1492: ஸ்பெயின் நாட்டின் ஓராண்டு

கி.பி. 1492 என்றதும் பள்ளிப் பிள்ளைகள் கொலம்பஸ் பெயரைச் சொல்வார்கள். முஸ்லிம்களின் உள்ளத்தில் அவ்வாண்டு கிரானடாவின் நினைவை எழுப்பும். யூதர்களுக்கோ அது நாடிழந்த ஆண்டு. ஸ்பானிய மொழியினர் தம் மொழியின் முதல் இலக்கண நூல் அச்சேறிய ஆண்டென்று அதனைப் போற்றுவர். ஒரே நாட்டில், ஒரே அரச தம்பதியரின் ஆட்சியில், பன்னிரண்டே மாதங்களுக்குள் நடந்தவை இவை. தனித்தனியே படிக்கப்பட்டு வரும் இந்நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அவ்வாண்டு நமக்குச் சொல்லும் செய்தி விளங்கும்.

பிளவுண்ட அரண்மனை

ஹிஜ்ரி 92 (கி.பி. 711) இல் தாரிக் இப்னு ஸியாத் அவர்கள் கால் பதித்த அந்தலுஸ் பெருநாடு, குர்துபா 1236 இலும் இஷ்பீலிய்யா 1248 இலும் கைநழுவிய பின், கிரானடா என்னும் மலைநாட்டின் அளவுக்குச் சுருங்கிற்று. நஸ்ரீ வமிசத்தார் அதனை ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் காத்து நின்றனர். அல்ஹம்ரா அரண்மனையின் சுவர்தோறும் ‘அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை’ என்னும் வாசகத்தைப் பொறித்து வைத்தவர்கள் அவர்களே. பொறித்ததைப் படிக்க மறந்தவர்களும் அவர்களே என்று சொல்லத் தோன்றுகிறது.

1469 இல் அரகான் இளவரசர் பெர்டினாண்டும் காஸ்டில் இளவரசி இஸபெல்லாவும் மணம் புரிந்தனர். அங்கே இரண்டு அரசுகள் ஒன்றாயின. இங்கே ஓர் அரண்மனை மூன்றாயிற்று. மன்னர் அபுல் ஹஸன் அலீ ஒருபுறம், அவர் மகன் அபூ அப்தில்லாஹ் மறுபுறம், மன்னரின் தம்பி அஸ்ஸகல் இன்னொரு புறம். 1482 இல் போர் மூண்டது. மறு ஆண்டே லூஸேனாவின் அருகில் சிறைப்பட்ட அபூ அப்தில்லாஹ், பெர்டினாண்டின் நிபந்தனைகளுக்கு இணங்கி விடுதலை பெற்று வந்து, தம் குடும்பத்தாரையே எதிர்த்து நின்றார். ரோந்தா 1485 இலும், மாலகா 1487 இலும், பஸ்தாவும் அல்மரிய்யாவும் 1489 இலும் வீழ்ந்தன. நெடுநாள் முற்றுகையைத் தாங்கிய மாலகாவின் மக்கள் அடிமைகளாக்கப்பட்டனர். எஞ்சியது கிரானடா ஒன்றே.

எழுதிக் கொடுத்த வாக்குறுதி

1491 நவம்பர் 25 ஆம் நாள் சரணடைவு ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன் விதிகளைப் படிப்போர் வியப்படைவர். முஸ்லிம்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு. பள்ளிவாசல்களும் வக்ஃபு சொத்துகளும் அவர்கள் கையிலேயே இருக்கும். வழக்குகளைக் காழிகள் ஷரீஅத்தின்படி தீர்ப்பர். எவரும் மதம் மாறக் கட்டாயப்படுத்தப்பட மாட்டார். மஃரிபு நாடுகளுக்குச் செல்ல விரும்புவோர் மூன்றாண்டுகள் வரை கட்டணமின்றிக் கப்பலேறலாம். கிரானடாவின் யூதக் குடிகளுக்கும் இவ்வுரிமைகள் உண்டென்று எழுதப்பட்டிருந்தது.

1492 ஜனவரி 2 ஆம் நாள், ஹிஜ்ரி 897 ரபீவுல் அவ்வல் மாதத் தொடக்கத்தில், நகரம் ஒப்படைக்கப்பட்டது. வெளியேறிய மன்னர் மலைக்கணவாயில் நின்று அழுதார் என்றும், தாயார் அவரை இடித்துரைத்தார் என்றும் ஒரு கதை நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது பிற்காலத்து ஸ்பானிய எழுத்தாளர்களால் பரவிய கதை. உண்மையோ பொய்யோ, ஒரு மன்னரின் கண்ணீரில் மயங்கி, மக்களின் கண்ணீரை நாம் மறந்துவிட்டோம். மன்னருக்கு அல்புஷர்ராத் மலைப்பகுதியில் நிலம் கிடைத்தது. 1493 இல் அவர் ஃபாஸ் நகரம் சென்றுவிட்டார். மக்கள் அங்கேயே இருந்தனர்.

முதல் மீறல் எது?

ஒப்பந்தம் 1499 இல்தான் மீறப்பட்டது என்று நம்மவர் எழுதுவது வழக்கம். அது சரியன்று. முதல் மீறல் 1492 மார்ச் 31 ஆம் நாளே நிகழ்ந்தது. அன்று அல்ஹம்ராவிலிருந்து பிறந்த ஆணை, திருமுழுக்குப் பெறாத யூதர் அனைவரும் ஜூலை முடிவதற்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றது. பொன், வெள்ளி, நாணயம் எதையும் கொண்டுபோகக் கூடாது என்றும் விதித்தது. உரிமைகளை எழுதிக் கொடுத்த நான்கே மாதங்களில், அவ்வுரிமை பெற்றோருள் ஒரு சாரார் அவற்றை இழந்தனர். அண்டை வீட்டானுக்குப் பொய்த்துப்போன வாக்கு நமக்கு மட்டும் மெய்யாக நிலைக்கும் என்று நம்ப முடியுமா? அடைக்கலம் தேடிய அம்மக்களுள் பலருக்கு உஸ்மானியப் பேரரசர் இரண்டாம் பாயஸீதும், மஃரிபின் நகரங்களும் இடமளித்தன என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

கொலம்பஸின் கப்பலில் அரபு

கிரானடாவின் கோபுரங்களில் புதிய கொடி ஏறியதைக் கண்டவர்களுள் கொலம்பஸும் ஒருவர். முற்றுகைக்கெனக் கட்டப்பட்ட ஸாந்தா ஃபே பாசறை நகரில் ஏப்ரல் 17 ஆம் நாள் அவருடைய உடன்படிக்கை எழுதப்பட்டது. ஆகஸ்டு 3 ஆம் நாள் பாலோஸ் துறையிலிருந்து மூன்று கப்பல்கள் புறப்பட்டன. கீழ்த்திசை நாடுகளை அடையப் போகிறோம் என்று நம்பிய அவர், மொழிபெயர்ப்பாளராக லூயிஸ் தே டோரஸ் என்பவரை உடன் கொண்டு சென்றார். யூதராயிருந்து மதம் மாறிய அவர் ஹீப்ருவோடு அரபும் அறிந்தவர். நாட்டினுள் அரபியின் வாழ்வு முடியத் தொடங்கிய அதே ஆண்டில், அந்நாட்டின் கப்பல் அரபியைத் துணைக்கு அழைத்துச் சென்றது!

அவ்வாண்டு ஆகஸ்டிலேயே ஸலமன்காவில் அந்தோனியோ தே நெப்ரிஹாவின் ஸ்பானிய இலக்கணம் வெளிவந்தது. மொழியும் பேரரசும் சேர்ந்தே வளர்பவை என்ற கருத்தை அதன் முகவுரையில் அவர் அரசியின்முன் வைத்தார். வென்றவர் மொழியைத் தோற்றவர் கற்றாக வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இரண்டு ஃபத்வாக்கள்

கிரானடாவின் முதற் பேராயர் தலவேரா, மக்களின் மொழியை மதித்து, இணக்கமாக நடந்தவர். 1499 இல் வந்த சிஸ்னெரோஸ் வற்புறுத்தலை மேற்கொண்டார். அல்பைஸீன் பகுதி கொதித்தெழுந்தது. அக்கிளர்ச்சியையே காரணமாக்கி ஒப்பந்தம் செல்லாததாக்கப்பட்டது. அரபு நூல்கள் பாபுர் ரம்லா சதுக்கத்தில் குவித்துக் கொளுத்தப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. 1502 இல் காஸ்டில் நாடெங்கும் ‘மதம் மாறு, அல்லது வெளியேறு’ என்னும் ஆணை பிறந்தது.

அம்மக்களின் நிலைபற்றி மார்க்க அறிஞர் இருவர் தந்த தீர்ப்புகள் ஆழ்ந்து நோக்கத் தக்கவை. ஃபாஸ் நகரத்து இமாம் அல்வன்ஷரீஸி, மாற்றார் ஆட்சியின்கீழ் தங்குவது கூடாது, ஹிஜ்ரத் செய்வது கடமை என்றார். வஹ்ரானைச் சேர்ந்த இப்னு அபீ ஜும்ஆ 1504 இல் வேறுவகையில் எழுதினார். செல்ல இயலாதவர்களை அவர் ‘குரபா’, அதாவது அந்நியர் போல் ஆகிவிட்டவர்கள் என்று பரிவோடு விளித்தார். பகலில் தொழ முடியாவிடில் இரவில் தொழுங்கள், சைகையாலேனும் தொழுங்கள், நாவு நிர்ப்பந்தத்திற்கு உட்பட்டாலும் உள்ளம் மறுத்து நிற்கட்டும் என்று வழி காட்டினார். முன்னவர் சட்டத்தின் உறுதியைக் கண்டார். பின்னவர் கப்பலேற வசதியற்ற ஏழையின் முகத்தையும் கண்டார் என்பது என் கருத்து.

மண்ணுக்கடியில் கிதாபுகள்

மொரிஸ்கோக்கள் எனப்பட்ட அம்மக்கள் நூறாண்டுகள் தாங்கினர். 1567 இல் அரபு மொழியும் அவர்தம் உடையும் தடுக்கப்பட்டன. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் பலருக்கு அரபு பேசத் தெரியாது. தாய்மொழியாகிவிட்ட ஸ்பானியத்தை அரபு எழுத்தில் எழுதித் தீனைக் காத்தார்கள். அவ்வெழுத்துக்கு அல்ஹமியாதோ என்று பெயர். 1884 இல் அரகானின் அல்மோனஸித் என்னும் ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, போலித் தளத்துக்கு அடியில் இத்தகைய கையெழுத்துச் சுவடிகள் அடுக்கி மறைக்கப்பட்டிருக்கக் கண்டனர். ஒரு பகுதி அழிந்துபோக, எஞ்சியவை மத்ரீது நகரில் பேணப்படுகின்றன.

இதைப் படிக்கும்போது நம் அரபுத் தமிழ்க் கிதாபுகள் நினைவுக்கு வராமற் போகுமா? காயலிலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம் பாட்டிமார் ஓதிய அவ்வேடுகளும் தாய்மொழியை அரபு எழுத்தில் தாங்கியவையே. அவர்களுடையது அச்சத்தால் மறைக்கப்பட்டது. நம்முடையதை எவரும் தடுக்கவில்லை, எரிக்கவில்லை. நாமே பரணில் போட்டுச் செல்லுக்குக் கொடுத்தோம்.

2003 இல் அல்பைஸீன் மேட்டில், அல்ஹம்ராவை நோக்கிப் புதிய பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அங்கே பாங்கொலி மீண்டும் எழுந்தது. அரசு போனபின்னும் ஓர் உம்மத்து வாழலாம். ஒற்றுமையும் ஏடும் போனபின் வாழ்வது அரிது. இன்று வீட்டுக்குச் சென்றதும் பரணில் இருக்கும் அந்தப் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். அதைப் படிக்கத் தெரிந்த மூதாட்டி ஒருவர் இருந்தால், பேரப்பிள்ளைகளை அவர் அருகில் அமரச் செய்யுங்கள். வல்ல நாயன் நம் தலைமுறைகளைக் காப்பானாக. ஆமீன்.