நீர்மட்டத்தில் ஒரு கேமரா: எண்ணூர், மீஞ்சூர்ப் பகுதியும் தனிப் பார்வையும்

வடசென்னைக்கென்று அச்சில் வார்த்தாற்போல ஒரு படம் உண்டு. பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கி, முன்னால் நிழலுருவாக ஒரு படகு, அதில் முகம் தெரியாத மீனவர். பாலத்தில் நின்று ஜூம் லென்ஸைத் திருப்பினால் யாருக்கும் இது கிடைக்கும். அது பொய்ப் படமல்ல. ஆனால் யார் எடுத்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒளிப்படக் கலைஞரின் தனிப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் லென்ஸ், வண்ணம், சட்டக அமைப்பு என்று பட்டியல் போடுவது வழக்கம். எடுப்பவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு காலம் நிற்கிறார் என்பதே முதலில் அதைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமாரின் படங்கள் இதற்குச் சான்று. மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகன் அவர். 2013இல் முதல் கேமரா கைக்கு வந்தது. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருதை முதலாவதாகப் பெற்றார். எண்ணூர்ப் பகுதியின் கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடிக்கும் இருளர் பெண்களை அவர் எடுத்திருக்கிறார். அவர்கள் வலை வீசுவதில்லை. இரு கைகளும் சேற்றைத் தடவிக்கொண்டிருப்பதால், இறாலைப் போடும் பனையோலைக் கூடையைப் பற்களால் கவ்வியிருக்கிறார்கள். கரையிலிருந்து பார்ப்பவருக்கு நீரில் ஒரு தலை தெரியும், அவ்வளவுதான். தாடையின் இறுக்கம் தெரிய வேண்டுமென்றால் கேமராவும் நீர்மட்டத்துக்கு இறங்கியாக வேண்டும்.

அப்படியானால் மண்ணின் மைந்தருக்கு மட்டுமே இது வாய்க்குமா? இல்லை. பழனிக்குமார் எண்ணூர்க்காரர் அல்லர். ஊரைவிட, உழைப்போடு அவருக்குள்ள பழக்கமே அங்கே வேலை செய்கிறது. வாடிப்பட்டியைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஜெய்சிங் நாகேஸ்வரனின் கதை வேறு. பல இடங்களில் பலரைப் படமெடுத்த அவர், 2020 ஊரடங்கில் சொந்த வீட்டுக்குள் கேமராவைத் திருப்பினார். ‘ஐ ஃபீல் லைக் எ ஃபிஷ்’ தொடர் பிறந்தது. சொந்த வீடுதான், ஆனாலும் அதைப் பார்க்க அத்தனை ஆண்டுகள் பிடித்தன. உள்ளூர்க்காரராக இருப்பது ஒரு வசதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மீஞ்சூர் இந்த வாதத்துக்கு இன்னும் கடினமான சோதனை வைக்கிறது, ஏனென்றால் அவ்வூரின் பெரிய செய்தி கண்ணுக்கே தெரியாது. சென்னைக்கும் ஆலைகளுக்கும் அளவுக்கு மீறி நிலத்தடி நீர் இறைக்கப்பட்டதால் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1960களின் இறுதியிலேயே இது கண்டறியப்பட்டது. 2010இல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. கிணற்று நீரைக் கடலாக்கிவிட்டுக் கடலைக் குடிநீராக்கும் இந்த வேடிக்கையை எந்த ஒற்றைப் படமும் சொல்லிவிடாது. உப்பு நீரும் நல்ல நீரும் படத்தில் ஒரே நிறம்.

இங்கே அழகான சட்டகம் உதவாது, தொடர்தான் உதவும். கைவிடப்பட்ட கிணறு, கேன் தண்ணீர் இறக்கும் ஆட்டோ, சுத்திகரிப்பு ஆலையின் குழாய், நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் தொட்டி. இவற்றை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எதை எதற்கு அடுத்து வைப்பது என்பதில்தான் எடுத்தவர் வெளிப்படுகிறார். கிணற்றில் தொடங்கினால் அது தண்ணீர்ப் பஞ்சத்தின் கதை. நகரத்துத் தொட்டியில் தொடங்கினால் மீஞ்சூரிடமிருந்து எடுத்த நீருக்குக் கணக்குக் கேட்கும் கதை.